காலம் தப்பிப் பிறந்த மழலையர்

திருத்தூதர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில், உயிர்த்த ஆண்டவர் எல்லாருக்கும் இறுதியாகத் தமக்கும் தோன்றியதைச் சொல்லும்போது, தம்மைக் காலம் தப்பிப் பிறந்த குழந்தைக்கு ஒப்பிடுகின்றார். அன்றைய உலகில் அது இழிவுச் சொல். மாதம் நிறையாமல் விழுந்தது, உயிர் தரிக்காதது, எவரும் பொருட்படுத்தாதது என்பதே அதன் பொருள். தம்மைத் தாழ்த்திக் கூறுவதற்கு அவர் தேடிய சொற்களுள் இதனினும் தாழ்ந்த சொல் அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

அத்தகைய குழந்தை பிறந்தால் இன்று மருத்துவர் ஓடி வருகின்றனர். செவிலியர் இரவு பகலாகக் கண்விழிக்கின்றனர். கருவிகள் ஒவ்வொரு மூச்சையும் எண்ணுகின்றன. இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. சற்றேறக்குறைய 140 ஆண்டுகளாக நடந்துவரும் நெடும் பயணத்தின் விளைவு இது. அப்பயணத்தில் வெற்றிகள் உண்டு, கண்ணீரும் உண்டு. அக்கண்ணீரில் ஒரு பகுதி, குழந்தைகளை மெய்யாகவே நேசித்தவர்களின் கையால் விளைந்தது என்பதே நாம் இங்குச் சிந்திக்க விழையும் செய்தி.

முதலில் அளவுகளை அறிந்துகொள்வோம். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். இந்த எல்லையை 1919-இல் வகுத்தவர் பின்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ. 1,500 கிராமுக்குக் குறைந்தால் மிகக் குறைந்த எடை; 1,000 கிராமுக்கும் குறைந்தால் மிகமிகக் குறைந்த எடை. மளிகைக் கடையில் நாம் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை விட எடை குறைந்த மனித உயிர் அது! பெரும்பாலும் கருவில் 28 வாரங்கள் கூட நிறைவு பெறாதது. அதன் தோல் வழியே இரத்த நாளங்கள் தெரியும். உறிஞ்சவும் விழுங்கவும் அது இன்னும் கற்கவில்லை. உடற்சூட்டைக் காக்கும் கொழுப்பு அதனிடம் இல்லை. நுரையீரல் விரியத் தயங்கும். தாயின் வயிற்றில் இன்னும் 3 மாதம் பெற வேண்டியவற்றை எல்லாம் அது வெளியுலகில் பெற வேண்டியுள்ளது.

வெப்பம் தந்த பெட்டி

இக்குழந்தைகளின் முதல் எதிரி குளிர். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசு மாநகரின் மத்தேர்னித்தே மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்தெபான் தார்னியே, எடை குறைந்த பச்சிளங் குழந்தைகள் குளிர்ந்து விறைத்து மடிவதைக் கண்டு வருந்தினார். 1878-இல் அந்நகர் விலங்குக் காட்சிச் சாலையில், முட்டைகளை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் பெட்டி ஒன்றைக் கண்டார். கோழிக் குஞ்சுக்கு உதவுவது மனிதக் குஞ்சுக்கும் உதவாதா என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. அப்பெட்டியை உருவாக்கிய ஓதில் மார்த்தேன் என்பவரைக் கொண்டே மழலையர்க்கான வெப்பப் பேழையைச் செய்வித்தார். அடித்தட்டில் வெந்நீர், மேல்தட்டில் குழந்தை. இதுவே இன்று நாம் இன்குபேட்டர் என்றழைக்கும் கருவியின் தொடக்கம். 1880-களின் முற்பகுதியில் அது அம்மருத்துவமனையில் வழக்கத்திற்கு வந்தபின், 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு நூற்றுக்கு 66 என்பதிலிருந்து 38 ஆகக் குறைந்தது.

தார்னியேயின் மாணவர் பியேர் புதேன் மற்றொரு உண்மையைக் கண்டார். பேழைக்குள் வைத்துத் தாயிடமிருந்து பிரித்த குழந்தையை, நாளடைவில் தாயே மறக்கத் தொடங்குகிறாள். உயிர் பிழைத்த பின்னும் அக்குழந்தை தாயின் நெஞ்சில் இடம் பெறுவதில்லை. ஆகவே தாயை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும், தாய்ப்பாலே ஊட்ட வேண்டும், சுவர் கண்ணாடியால் ஆனதாயின் தாய் எந்நேரமும் தன் பிள்ளையைக் காண முடியும் என்று 1900-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வலியுறுத்தினார். இந்த அறிவுரையை மருத்துவ உலகம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறந்திருந்தது.

கண்காட்சியில் வளர்ந்த குழந்தைகள்

வெப்பப் பேழை உலகெங்கும் பரவிய விதம் விந்தையானது. 1896-இல் பெர்லின் தொழிற் கண்காட்சியில், உயிருள்ள குறைமாதக் குழந்தைகளைப் பேழையில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினர். அதில் பங்குகொண்ட மார்ட்டின் கூனி என்பவர் பின்னர் அமெரிக்கா சென்று, 1903 முதல் 1943 வரை நியூயார்க் அருகிலுள்ள கோனித் தீவு என்னும் கடற்கரைக் கேளிக்கைத் திடலில் இத்தகைய காட்சியை ஆண்டுதோறும் நடத்தினார். இராட்டினங்களுக்கும் வித்தைக் கூடாரங்களுக்கும் நடுவே, 25 சென்ட் கட்டணம் செலுத்தியவர்கள் உள்ளே நுழைந்து அந்தச் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டு வியந்தனர்.

கேட்கவே நம் மனம் கூசுகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அக்காலத்தில் பெரும்பாலான மருத்துவமனைகளில் இக்குழந்தைகளுக்கு இடமில்லை. பிழையாதவை என்று ஒதுக்கப்பட்டவை அவை. கூனி அவற்றின் பெற்றோரிடம் ஒரு காசும் பெறவில்லை. காட்சிக் கட்டணத்தைக் கொண்டே தேர்ந்த செவிலியரை அமர்த்திப் பேணினார். சற்றேறக்குறைய 8,000 குழந்தைகளை ஏற்று 6,500 பேரைப் பிழைக்க வைத்ததாக அவர் கணக்குச் சொன்னார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர். பட்டம் பெற்றோர் கைவிட்ட குழந்தைகளைப் பட்டத்திற்குச் சான்றில்லாத ஒருவர் வாரியணைத்தார் என்பது வரலாற்றின் நகை முரண்.

மருத்துவமனைகளும் மெல்ல விழித்தன. 1922-இல் சிகாகோ நகரில் ஜூலியஸ் ஹெஸ் என்பவர் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். எவலின் லண்டீன் என்னும் செவிலியர் தலைமையில் அங்கு வெப்பம், தூய்மை, துளித்துளியாகப் பாலூட்டல் ஆகிய மூன்றும் ஒரு தவம் போல் கடைப்பிடிக்கப்பட்டன. விலையுயர்ந்த மருந்து எதுவுமின்றியே பல குழந்தைகள் பிழைத்தன.

இருள் சூழ்ந்த கண்கள்

1940-களில் புதிய வலிமை மருத்துவர் கைக்கு வந்தது. காற்றுப் புகாத பேழைகள் வந்தன. அவற்றுள் பிராணவாயுவாகிய ஆக்சிஜனை வேண்டிய அளவு நிரப்ப முடிந்தது. குறைமாதக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு வாங்கும். ஆக்சிஜன் கொடுத்தால் அம்மூச்சு சீராகும். நீலம் பாய்ந்த உடல் சிவக்கும். கண்ணெதிரே நிகழும் இந்நன்மையைக் கண்ட எவர்தாம் ஐயுறுவர்? தேவைப்பட்ட குழந்தைக்கும் தேவைப்படாத குழந்தைக்கும் வாரக்கணக்கில் ஆக்சிஜன் பாய்ந்தது.

அதே காலத்தில் ஒரு புதிய நோய் தலைகாட்டியது. 1942-இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியடோர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழி வில்லைக்குப் பின்னே சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து பார்வை முற்றும் அழிவதை வெளியிட்டார். அடுத்த 10 ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இந்நோயால் கண்ணொளி இழந்தனர். வியப்பு யாதெனில், ஏழ்மையான மருத்துவமனைகளைவிட வசதி மிக்க மருத்துவமனைகளிலேயே நோய் மிகுந்திருந்தது. எங்குப் பராமரிப்பு சிறந்திருந்ததோ அங்குக் குருடு பெருகியது!

காரணம் எது என்று தேடியவர்கள் பலவற்றை ஐயுற்றனர். வைட்டமின் குறையோ, இரும்புச் சத்தோ, பாலோ, ஒளியோ என்று பட்டியல் நீண்டது. 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் கேட் கேம்பெல், மூன்று நிறுவனங்களின் அனுபவத்தை ஒப்பிட்டு, ஆக்சிஜன் தாராளமாகத் தரப்பட்ட இடத்தில்தான் நோய் மிகுந்தது என்று சுட்டிக் காட்டினார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மேரி கிராஸ் என்னும் மருத்துவரும் இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

விளக்கம் பின்னரே தெளிவாயிற்று. விழித்திரையின் இரத்த நாளங்கள் கருவின் நான்காம் மாத அளவில் விழியின் நடுவிலிருந்து புறப்பட்டு, நிறைமாதம் நெருங்கும்போதுதான் ஓரத்தை அடைகின்றன. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு மிகுதியான ஆக்சிஜன் கிடைத்தால் அந்நாளங்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. பின்னர், பட்டினி கிடந்த விழித்திரை புதிய நாளங்களைத் தாறுமாறாகத் தோற்றுவிக்கின்றது. அவை வடுவாகிச் சுருங்கி விழித்திரையையே பெயர்த்துவிடுகின்றன. உயிர் காக்கத் தந்த காற்றே ஒளியைப் பறித்தது.

ஐயம் என்னும் அருங்கொடை

இவ்விடத்தில் வில்லியம் சில்வர்மன் என்னும் இளம் மருத்துவரின் அனுபவம் நம் சிந்தனைக்கு உரியது. 1950 அளவில் நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவரும் அவருடைய தோழரும், கண்நோயின் தொடக்கக் குறி தோன்றிய குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்னும் புதிய மருந்தை அளித்தனர். 31 குழந்தைகளுள் 25 பேருக்குப் பார்வை தங்கியது. அம்மருந்து தரப்படாத மற்றொரு மருத்துவமனையில் 7 குழந்தைகளுள் 6 பேர் பார்வையிழந்தனர். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? வேறொருவராயின் வெற்றி முழக்கம் செய்திருப்பார்.

அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. திருவுளச்சீட்டுப் போடுவதைப் போல, எக்குழந்தைக்கு மருந்து, எக்குழந்தைக்கு மருந்தில்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்ந்தனர். முடிவு அவர்களைத் திகைக்க வைத்தது. மருந்து பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பார்வையிழந்தனர். மருந்து பெறாதவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இழந்தனர். மருந்து பெற்றவர்களிடையே இறப்பும் மிகுதியாயிருந்தது. நோயின் தொடக்கக் குறி பெரும்பாலான குழந்தைகளிடம் தானே மறைந்துவிடும் இயல்புடையது. அந்த இயற்கையின் வேலையை மருந்தின் வேலை என்று எண்ணியிருந்தனர். ஐயுறாமல் இருந்திருந்தால், உலகம் முழுவதும் அம்மருந்து பரவி எத்தனை மழலையரைப் பலிகொண்டிருக்குமோ!

வாஷிங்டன் நகரிலும் ஒரு நிகழ்ச்சி. 1951-இல் அங்குள்ள காலிங்கர் நகராட்சி மருத்துவமனையில் ஆர்னால் பாட்ஸ் என்னும் கண் மருத்துவர், சில குழந்தைகளுக்கு வழக்கம்போல் மிகுந்த ஆக்சிஜனும் சிலருக்குத் தேவையான அளவு மட்டுமே குறைந்த ஆக்சிஜனும் தந்து ஆராயத் தொடங்கினார். இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிலருக்கு இது பெருங்கொடுமையாகத் தோன்றியது. காற்றைக் குறைத்துக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்றஞ்சி, எவரும் அறியாமல் நள்ளிரவில் ஆக்சிஜன் குழாயைத் திறந்துவிட்டனர். அச்செவிலியரை நாம் எளிதில் குறைகூற இயலாது. அவர்களை இயக்கியது இரக்கம். ஆனால் அந்த இரக்கம் திறந்துவிட்ட காற்று, அக்குழந்தைகளின் கண்களை மூடும் காற்றாக இருந்தது.

இறுதியாக 1953-இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் கூடி, 1,500 கிராமும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகளிடம் ஒரு பெரும் ஆய்வை நடத்தின. முதல் மூன்று மாதங்கள், மூன்று குழந்தைகளுள் ஒன்றுக்கு வழக்கமான மிகுந்த ஆக்சிஜன். மற்ற இரண்டுக்கும் கட்டுப்படுத்திய ஆக்சிஜன். 1954-இல் முடிவு அறிவிக்கப்பட்டது. மிகுந்த ஆக்சிஜனே குற்றவாளி என்பது உறுதியாயிற்று. அந்த மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுள் சிலர் பார்வையிழந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. எனினும் அதற்கு முந்திய 10 ஆண்டுகளில் உலகின் எல்லாக் குறைமாதக் குழந்தைகளும், ஆய்வு என்ற பெயர் கூட இல்லாத ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருந்தார்கள் அல்லவா? அதில் கணக்கு வைப்பார் இல்லை, நிறுத்துவாரும் இல்லை.

ஊசல் மறுபுறம் சென்றது

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்து எழுந்துவிடலாம். மனித இயல்பு அவ்வாறு விடுவதில்லை. 1954-க்குப் பின் ஆக்சிஜன் என்றாலே மருத்துவர் நடுங்கினர். எந்தக் குழந்தைக்கும் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் ஆக்சிஜன் தருவதில்லை என்னும் விதி எங்கும் பரவியது. குருடு குறைந்தது, அதனால் விதி சரியென்றே எல்லாரும் நம்பினர்.

ஆனால் அந்த 18 மருத்துவமனை ஆய்வில் பிறந்து 48 மணி நேரம் உயிரோடிருந்த குழந்தைகளே சேர்க்கப்பட்டிருந்தனர். குறைமாதக் குழந்தைகளுள் மிகப் பலர் இறப்பதோ அந்த முதல் 48 மணி நேரத்தில்தான். ஆய்வு எதைச் சொல்லவில்லையோ அதையும் சொன்னதாகக் கொண்டு, மூச்சுக்குத் திணறிய முதல் நாள் குழந்தைக்கும் காற்றை அளந்து கொடுத்தனர். 1973-இல் பிரித்தானிய மருத்துவர் கென்னத் கிராஸ், இக்கட்டுப்பாட்டினால் பார்வை காக்கப்பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கக் கூடும் என்று மதிப்பிட்டார். முன்பு ஆசை அளவு மீறியது. பின்பு அச்சம் அளவு மீறியது. இரண்டிலும் அடிபட்டவர் வாய் பேசாச் சிறியோர்.

நுரையீரலின் நுரை

அக்குழந்தைகளைக் கொன்றுவந்த மூச்சுத்திணறல் நோயின் மருமத்தை 1959-இல் பாஸ்டனில் மேரி எல்லன் ஏவரி என்னும் மருத்துவர் தம் தோழர் ஜெரி மீடுடன் வெளிப்படுத்தினார். நிறைமாதக் குழந்தையின் நுரையீரலில் சோப்பு நுரை போன்று செயல்படும் ஒரு வழவழப்புப் பொருள் உண்டு. மூச்சை வெளிவிடும்போது காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கின்றது. குறைமாதக் குழந்தையிடம் அது போதிய அளவு இல்லை. ஆகவே ஒவ்வொரு மூச்சும் அதற்கு முதல் மூச்சைப் போலவே கடினம்.

1963 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்குப் பிறந்த ஆண் மகவு பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை 2,100 கிராம். உடனே திருமுழுக்கு அளிக்கப்பெற்றது. நாட்டின் சிறந்த மருத்துவர் அனைவரும் சூழ்ந்திருந்தும், 39 மணி நேரத்தில் இதே நோயால் மறைந்தது. உலகின் வலிமை மிக்க மனிதரால் தம் பிள்ளைக்கு ஒரு மூச்சு வாங்கித் தர இயலவில்லை. இன்று அந்த எடையும் வாரமும் உள்ள குழந்தை நல்ல மருத்துவமனையில் பிழைப்பது வழக்கமான செய்தி.

மாற்றம் வந்த வழிகள் சில. 1971-இல் ஜார்ஜ் கிரகரி சான்பிரான்சிஸ்கோவில், காற்றுப் பைகள் மூடாதவாறு மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் முறையைத் தந்தார். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய நுரைப் பொருளை 10 குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார். இவற்றினும் எளியது நியூசிலாந்தில் பிறந்தது. கிரகாம் லிக்கின்ஸ், ராஸ் ஹோவி என்னும் இருவர், குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதைக் கண்டனர். 282 தாயரிடம் முறையாக ஆய்ந்து 1972-இல் வெளியிட்டனர். பிறந்த முதல் வார இறப்பு நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 3 ஆகக் குறைந்திருந்தது.

மலிவான ஊசி, தெளிவான சான்று. உலகம் உடனே ஏற்றிருக்க வேண்டுமன்றோ? ஏற்கவில்லை. மேலும் பல ஆய்வுகள் அதையே மெய்ப்பித்த பின்னும் தயக்கம் நீடித்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு 1994-இல் அதைப் பரிந்துரைத்தபோது, அந்நாட்டில் அவ்வூசி பெறத் தகுந்த தாயருள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே அதைப் பெற்று வந்தனர். 22 ஆண்டுகள்! ஆக்சிஜனைச் சோதியாமலே ஏற்றுக்கொண்ட மருத்துவ உலகம், ஸ்டீராய்டைச் சோதித்தறிந்த பின்னும் ஏற்கத் தயங்கியது. அனைத்தையும் ஆய்ந்து பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்கருக்குப் பவுல் கூறிய அறிவுரையில் இரு பகுதிகள் உள்ளன. நாம் ஒன்றைச் செய்தால் மற்றொன்றை மறக்கின்றோம்.

தாயின் மார்பே பேழை

1978-இல் தென் அமெரிக்கக் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைகள் நாடும் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் பேழைகள் போதவில்லை. ஒரே பேழையில் பல குழந்தைகள், தொற்று நோய்கள், கைவிட்டுச் செல்லும் தாயர். எட்கார் ரேய் சனாப்ரியா என்னும் மருத்துவர், தாயின் வெற்று மார்பில் குழந்தையை நிமிர்த்திக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எக்டோர் மார்த்தினேஸ் அவருடன் இணைந்தார். கங்காருத் தாய்ப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். வெப்பமும் தாய்ப்பாலும் தாயன்பும் ஒரே இடத்தில் கிடைத்தன. புதேன் 1900-இல் எழுதியது, வறுமையின் வழியாக மீண்டும் மருத்துவமனைக்குள் நுழைந்தது.

தாயின் அணைப்பு நல்லது என்பதற்கும் ஆய்வு வேண்டுமா என நாம் கேட்கலாம். வேண்டும் என்கிறது இவ்வரலாறு. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. நம் நாட்டில் புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளிடம், முதல் 28 நாள் இறப்பு நூற்றுக்கு 15.7 என்பதற்குப் பதில் 12 ஆக இருந்தது. நன்மை தெளிவானதால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டு, 2021-இல் முடிவு வெளியிடப்பட்டது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைக் குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும் பரிந்துரைத்தது. அன்பு தன்னைச் சோதனைக்கு உட்படுத்தியதால் சிறுமை அடையவில்லை. இப்போது எந்த மருத்துவரும் அதைத் தாயின் பேதைமை என்று தள்ளிவிட இயலாது.

எதுவரை முயல்வது?

2018-இல் அமெரிக்காவின் சான்டியேகோ நகரில் 245 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை, 5 மாதச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியது. இத்தகைய செய்தி நம்மை மகிழ்விக்கின்றது. ஆனால் 22, 23 வாரங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அவ்வாறு வீடு திரும்புவதில்லை. எங்கே முயற்சி கடமையாகிறது, எங்கே அது துன்பத்தை நீட்டிப்பதாகிறது?

செயற்கைச் சுவாசம் பற்றி மருத்துவர்கள் கேட்ட கேள்விக்கு விடையாக, 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆற்றிய உரை இன்றும் வழிகாட்டுகின்றது. உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டுள்ளோம். தாங்கவொண்ணாச் சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு அத்தகைய கடமை இல்லை என்பது அதன் கருத்து. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி என்னும் சுற்றுமடலும், பயன் தராத மிகைச் சிகிச்சையைத் துறப்பது கொலையாகாது என்று தெளிவுபடுத்துகின்றது. குறையுள்ள குழந்தை வேண்டாம் என்று கைவிடுவது வேறு. இனிப் பயனில்லை என்று அறிந்து, வெப்பமும் நீங்காத அணைப்பும் வலி தணிக்கும் மருந்தும் தந்து ஆண்டவரிடம் ஒப்படைப்பது வேறு.

ஆனால் எது இயல்பான வழி, எது அசாதாரண வழி என்பது காலத்துக்குக் காலம் மாறுகின்றது. பேட்ரிக் கென்னடியின் நாளில் கனவாயிருந்த மருத்துவம் இன்று மாவட்டத் தலைநகர்களிலும் கிடைக்கின்றது. ஒரு சிகிச்சை நம்பிக்கை தருமா, வெறும் சுமையாகுமா என்பதை உணர்ச்சி கொண்டு அறிய முடியாது. உண்மையைப் பொறுமையாய்த் தேடியே அறிய முடியும். ஆகவே மருத்துவ ஆய்வு அறநெறிக்கு அயலானதன்று. அந்த ஆய்வும் பெற்றோர்க்கு உண்மையை உரைத்து அவர்தம் இசைவு பெற்றே நடைபெற வேண்டும். 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆக்சிஜன் அளவைச் சற்றே குறைத்தால் கண்நோய் குறைகிறது, ஆனால் இறப்பு கூடுகிறது என்று கண்டது. 1940-களின் புதிர் இன்னும் நம்முடன் உள்ளது. அந்த ஆய்வின் ஆபத்துகளைப் பெற்றோர்க்குப் போதிய அளவு விளக்கவில்லை என்று அந்நாட்டு அரசின் கண்காணிப்பு அலுவலகமே 2013-இல் குறைகூறியது. மிகச் சிறியவரும் பிறருக்கான வெறும் கருவியாகிவிடக் கூடாது என்பதில் திருச்சபையும் மனச்சான்றுள்ள மருத்துவரும் உடன்படுகின்றனர்.

நம் பங்குகளில்

இவ்வரலாறு தொலைநாட்டுக் கதை என்று நாம் இருந்துவிடலாகாது. நம் நாட்டில் குறைமாதக் குழந்தைகள் மேன்மேலும் பிழைக்கின்றனர். அதனுடன் அந்தப் பழைய கண்நோயும் வந்துள்ளது. ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வசதி இல்லாத இடங்களில், 1,500 கிராமுக்கு மேற்பட்ட குழந்தைகளிடமும் அது காணப்படுகின்றது. நல்ல செய்தி யாதெனில், காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்க முடியும். 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரத்திற்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். 1,200 கிராமுக்கும் குறைந்ததாயின் அல்லது 28 வாரத்திற்கு முன் பிறந்ததாயின் இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும். சிகிச்சை தேவையெனக் கண்டால் இரண்டு மூன்று நாள் தாமதமும் பெருங்கேடு விளைவிக்கும்.

குழந்தை பிழைத்து வீடு திரும்பிய மகிழ்ச்சியில் இந்நாளைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. கண் பார்ப்பதற்கு அழகாய்த்தான் இருக்கும். நோய் உள்ளே வளரும். ஏழைத் தாய்க்குப் பேருந்துக் கட்டணம் தடையாகலாம். துணைக்கு ஆள் இல்லாமலும் இருக்கலாம். இங்கேதான் அன்பியங்களுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர்க்கும் பணி இருக்கின்றது. மருத்துவமனையில் அவசரத் திருமுழுக்குப் பெற்றுப் பிழைத்து வந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும்போது, நாம் கையில் கொண்டு செல்லும் பழமும் பாலும் நல்லவைதாம். அவற்றோடு ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோம்: கண் பரிசோதனைக்கு எந்த நாள் குறித்திருக்கிறார்கள்? அந்த நாளில் தாயோடும் பிள்ளையோடும் நம்மில் ஒருவர் பேருந்து ஏற வேண்டும்.